லேப் மெஷின் வந்துடுச்சா?

"போனை மட்டும் வெச்சிடாதீங்க! இருபது நிமிஷமா அடிச்சு இப்பதான் எடுத்திருக்கீங்க."

"இல்ல மேடம், நான் வந்து..."

"வந்தது போனது எல்லாம் அப்புறம். சர்வர் ரூம்லதானே இருக்கீங்க? முன்னாடி ஸ்கிரீன் இருக்கா?"

"இருக்கு. ஒரே கறுப்பா இருக்கு. ஆனா நான்..."

"கறுப்பாத்தான் இருக்கும். உக்காருங்க முதல்ல."

மூன்று ஆஸ்பத்திரிகளின் சர்வர்கள் அவள் தலையில். அவற்றில் தொலைவில் இருந்த ஒன்றில், காலையில் மின்சாரம் போய்த் திரும்பியதிலிருந்து எதுவும் ஓடவில்லை. தலைமை அலுவலகத்தில் இருந்தபடியே உள்ளே நுழைந்து சரிசெய்யலாம் என்றால் இணைப்பும் படுத்துவிட்டது. அங்கே புது ஆபரேட்டர் சேர்ந்ததே திங்கட்கிழமைதான். அவருடன் அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"லாகின்னு கேக்குதா? ரூட்னு அடிங்க. ஆர், ஓ, ஓ, டி. இப்ப பாஸ்வேர்ட். மெதுவா சொல்றேன்."

சொன்னாள். எதிர்முனைக் குரல் ஒவ்வொரு எழுத்தையும் உரக்கத் திருப்பிச் சொன்னது.

"ஐயோ, கத்தாதீங்க! வெளியாள் காதுல விழுந்தா என் வேலை போயிடும்!"

"இங்க வேற யாருமே இல்ல மேடம்."

"சரி. வி, ஐ, ஆர், எஸ், ஹெச். ஒரு இடம் விடுங்க. லிஸ்ட். மறுபடி இடம். ரெண்டு கோடு, ஒட்டினாப்ல ஆல்."

"கோடுன்னா எந்தக் கோடு?"

"படுத்த கோடு!"

"அது எங்க இருக்கு?"

"ஜீரோவுக்குப் பக்கத்துல!"

"எந்தப் பக்கம் மேடம்?"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வேலைக்கு எடுக்கும்போது உங்களை என்னதான் கேட்டாங்க?"

"என்னை யாரும் எதுவும் கேக்கல மேடம்."

"அதான் தெரியுதே!"

ஒருவழியாகப் பட்டியல் வந்தது. ஆறு பெயர்கள். ஆறுக்கும் நேராக 'ஷட் ஆஃப்' என்று இருப்பதாகக் குரல் எழுத்துக் கூட்டிப் படித்தது. "அப்படின்னா எல்லாம் போச்சா மேடம்?"

"ஒண்ணும் போகல. அந்த ஒரு பெட்டிக்குள்ள ஆறு விர்ச்சுவல் மெஷின் இருக்கு. ஒரே வீட்ல ஆறு குடித்தனம் மாதிரி. வீட்டுக்குக் கரண்ட் வந்துடுச்சு, உள்ள இருக்கிறவங்க இன்னும் எழுந்திருக்கல. ஒவ்வொருத்தரையா எழுப்பணும். இதைக்கூடவா நான் சொல்லணும்?"

"லேப்னு ஒண்ணு இருக்கே. அதை முதல்ல எழுப்பிடலாமா?"

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? பதிவு, வார்டு, பில்லிங், மருந்துக் கடை... வரிசைப்படிதான். லேப் அஞ்சாவது."

முதல் மெஷினே எழ மறுத்தது. திரையில் வந்த பிழைச் செய்தியைக் குரல் தட்டுத்தடுமாறிப் படிக்க, பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மெஷின்களை இணைக்கும் உள் நெட்வொர்க்கே இன்னும் கிளம்பவில்லை.

"அதைக் கிளப்புவோம். வி-ஐ-ஆர்-எஸ்-ஹெச், இடம், நெட், கோடு, ஸ்டார்ட், இடம், டீஃபால்ட்."

"தப்புன்னு வருது மேடம்."

"நெட்டுக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவுல என்ன போட்டீங்க?"

"இடம் விட்டேன்."

"கோடுன்னு சொன்னேன்!"

"படுத்ததா?"

"படுத்ததேதான்!"

மேசையில் இருந்த இன்னொரு போன் அலறியது. மேனேஜர்.

"ஆள் கிடைச்சுட்டார் சார்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா கீபோர்டையே இன்னிக்குத்தான் பார்க்கிறார் போலிருக்கு. எங்கிருந்து சார் பிடிச்சுட்டு வர்றீங்க இவங்களை எல்லாம்?"

நெட்வொர்க் கிளம்பியது. பதிவு எழுந்தது. வார்டு எழுந்தது. பில்லிங்கில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு மூன்று முறை அடித்தார் அந்த மனிதர். மூன்று முறையும் திட்டு வாங்கினார். ஒருமுறைகூட எதிர்த்துப் பேசவில்லை. நடுநடுவே ஒரே கேள்விதான்: "அடுத்தது லேப்பா மேடம்?"

"வரும்! அந்த லேப் மேல உங்களுக்கு அப்படி என்னங்க பாசம்?"

மருந்துக் கடையும் எழுந்தது. ஐந்தாவதற்கு அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் விசைகள் படபடவென்று தட்டப்படும் சத்தம் கேட்டது.

"ஸ்டார்ட்டட்னு வந்துடுச்சு மேடம்! லேப் வந்துடுச்சு!" குரல் உடைந்தது. "நான் இப்ப போலாமா?"

"எங்க போறீங்க? ஆறாவதை யார் எழுப்புவா? உக்காருங்க!"

நாற்காலி கிறீச்சிட்டது. விசைகள் மறுபடி ஒலித்தன. "எக்ஸ்-ரேயும் வந்துடுச்சு மேடம்."

அவள் நாற்காலியில் சாய்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். இணைப்பும் திரும்பியிருந்தது. ஆறு பெயர்களும் அவள் திரையில் பச்சையாகத் தெரிந்தன. இப்போதுதான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"ரொம்பக் கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. தெரியாத வேலையைப் பொறுமையா செஞ்சு முடிச்சீங்க, ரிப்போர்ட்ல எழுதறேன். உங்க ஊழியர் நம்பர் சொல்லுங்க."

"எனக்கு ஏது மேடம் ஊழியர் நம்பர்? டோக்கன் நம்பர்தான், நாப்பத்தேழு. லேப் ரிசல்ட் வந்தாத்தான் ஆப்பரேஷன்னு என் பொண்ணைத் தியேட்டர் வாசல்லயே படுக்க வெச்சிருக்காங்க. கவுண்டர்ல கேட்டா சர்வர் ரூம்ல போய்க் கேளுங்கன்னாங்க, வந்து பார்த்தா ஆளே இல்ல, போன் மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்தது."