நண்பருக்கு நெஞ்சு வலி

நெஞ்சில் கையை வைத்தபடியே மருந்துக் கடைக்குள் நுழைந்தார் டாக்ஸிக்காரர். எதிரே இருக்கும் டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து சாலையைக் கடந்து வந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

“என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” என்றார் கடைக்காரர்.

“ஒரு விஷயம் கேக்கணும்ண்ணே. எனக்கில்ல. நண்பர் ஒருத்தருக்கு.”

கடைக்காரர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். இத்தனை வருட வியாபாரத்தில் தனக்கென்று வாய்விட்டு மருந்து கேட்டவர்கள் குறைவு. முடி கொட்டுவதிலிருந்து மூலம் வரைக்கும் எல்லாமே நண்பருக்குத்தான்.

“சொல்லு, நண்பருக்கு என்ன?”

“நெஞ்சை இறுக்கிப் பிடிக்குது போல. இடது கை மரத்துப் போகுது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் வேர்த்துக் கொட்டுது.” என்றார் டாக்ஸிக்காரர். “இன்னிக்குக் காலையில நின்ன இடத்துலயே சரிஞ்சு உட்கார்ந்துட்டார். பார்த்ததுலேருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

கடைக்காரரின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. “டாக்டரைப் பார்த்தாச்சா?”

“அவர் சம்சாரம் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போச்சு. வெறும் வாயுதான்னு தட்டிக் கழிச்சிடறார். உள்ளுக்குள்ள பயம்ண்ணே. சாவுக்குக்கூட இல்ல, பில்லுக்கு.”

“அந்தப் பயம் நியாயம்தான்ப்பா. சேர்க்கும்போது ஒரு தொகை சொல்லுவாங்க, வெளிய விடும்போது வேற ஒண்ணு சொல்லுவாங்க. நடுவுல தினம் ஒரு சீட்டை நீட்டுவாங்க. எங்கண்ணன் விஷயத்துல நாங்களும் பட்டோமே. ஆளும் போனான், வீடும் போச்சு.”

சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்த மாத்திரை அட்டை ஒன்றை வலது கையால் எட்டி எடுத்தார். இறங்கும்போது ஸ்டூல் ஆடியது.

“பார்த்துண்ணே!” என்று பதறிப்போய் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார் டாக்ஸிக்காரர். ஊசி விழுந்தால்கூட அலறிவிடுவார் போலிருந்தது, மனிதர் அப்படிப் பயந்துகிடந்தார்.

கடைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்தார். பக்குவம் எதுவும் அகப்படவில்லை.

“ஒளிக்காமச் சொல்றேன். இது வாயு இல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளினா ஆள் மிஞ்ச மாட்டார்.”

டாக்ஸிக்காரர் மேசையை ஒட்டி நெருங்கி வந்தார். பயந்ததே சரியாகிவிட்டது. “வர மாட்டேன்னு அடம் பிடிச்சா என்னண்ணே செய்ய?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு ஆஸ்பத்திரி வந்திருக்கில்ல? அங்க இந்த வைத்தியத்துக்கு இவ்வளவுதான்னு முதல்லயே எழுதிக் கொடுத்துடறாங்க. அதுக்கு மேல ஆனா அவங்க பாடு. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாவும் கட்டலாம். என் வாடிக்கைக்காரர் ஒருத்தர் போயிட்டு வந்தார், சொன்னதுக்கு மேல ஒரு காசு வாங்கல.”

“நிஜமாவாண்ணே? நம்பிப் போகலாமா?”

“கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம். நான் சொன்னேன்னு சொல்லு உன் நண்பர்கிட்ட.”

“நீங்க சொன்னா அவர் தட்ட மாட்டார். ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன் போட்டு உங்க காதாலயே கேட்டுடுங்களேன். எனக்குத் தைரியமா இருக்கும்.”

கடைக்காரர் உடனே ஃபோன் செய்தார். நண்பரின் தொல்லைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார், தொகையைக் கேட்டார், தலையை ஆட்டி ஆட்டி உறுதிப்படுத்திக்கொண்டார். டாக்ஸிக்காரர் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்தப் பேச்சு முடிவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதே அவர் கவலை.

“நான் சொன்னபடியேதான் இருக்கு. நம்மால முடியற தொகைதான், அதுக்கு மேல ஏறாதாம். படுக்கை ஒண்ணு எடுத்து வைக்கிறாங்க.” கடைக்காரர் ஃபோனைத் தோளில் இடுக்கியபடி, வலது கையால் மாத்திரை அட்டையை டாக்ஸிக்காரர் பக்கம் தள்ளினார். “இதுல ஒண்ணை இப்பவே மென்னு முழுங்கணுமாம். நடக்கக் கூடாதாம். வண்டியை வேற யாரையாவது ஓட்டச் சொல்லு.”

“நான்தான் ஓட்டணும்ண்ணே.”

“பிடிவாதத்தைப் பாரு!” கடைக்காரருக்குக் கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தன. ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “இன்னும் எதுக்குப்பா இந்த நண்பர் நாடகமெல்லாம்? படுக்கை யார் பேருக்குன்னு கேக்கறாங்க. உன் பேரையே சொல்லிடவா?”

டாக்ஸிக்காரர் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார். அதைத் தன் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. மரத்துப்போய் மேசைமேல் கிடந்த கடைக்காரரின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“உங்க பேரைச் சொல்லுங்கண்ணே.”