காலியிடம் இல்லை

ஆய்வு நடந்தது ஆனியிலா ஆடியிலா என்று சரியாக நினைவில்லை. காற்றுக்குப் பயந்து கோப்புகளின்மேல் கல் வைத்திருந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

ஓடைப்பட்டிப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன அரசு அலுவலகத்தில் அன்று எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. சென்னையிலிருந்து காரில் வந்த ஆய்வதிகாரிக்குப் பரம திருப்தி.

"காலியிடமே இல்லையே! யாருக்காவது குறை இருக்கா?"

அங்கே வேலை பார்க்கும் சொர்ணலதா எழுந்தாள்.

"ஐயா, தேனியிலருந்து பஸ்ஸுல வாரேன். எம்பிள்ளை முழிச்சிருக்கிறதை ஞாயித்துக்கிழமைதான் பாக்குறேன். அங்கன மாறுதல் கேட்டா, ஆள் இல்லைன்னு எங்கய்யா விட மாட்டேங்கிறாக."

அலுவலகப் பொறுப்பாளர் செல்லப்பாண்டி அவசரமாகக் குறுக்கிட்டார். "சார், சொர்ணம் போனா ஆபீசே படுத்துரும்."

"அப்ப இத்தனை பேரும் என்ன பண்றாங்க?"

செல்லப்பாண்டி கோப்பின் மேலிருந்த கல்லை எடுத்து நகர்த்தி வைத்தார்.

"இன்னிக்கே இவங்களை விடுவிச்சிடுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆய்வதிகாரி காரில் ஏறினார்.

"ஏத்தா, இப்படிக் கவுத்திட்டியே!" என்றார் செல்லப்பாண்டி.

"நீங்கதானய்யா, ஆய்வு முடியுற வரைக்கும் நாற்காலிய நிரப்ப மத்த ஆபீசுலருந்து ஆளுகளைக் கூட்டியாரச் சொன்னீக?"

வந்தவர்கள் அதற்குள் சாப்பாட்டுப் பையோடு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்கள்.

சொர்ணலதா இப்போது தேனியில் வேலை பார்க்கிறாள். இரவல் வந்தவர்கள் பயணப்படி வாங்கிக்கொண்டு அவரவர் அலுவலகத்தில் இருக்கிறார்கள். செல்லப்பாண்டிதான் கதவு திறக்கிறார், கூட்டுகிறார், மனு வாங்குகிறார். அங்கே காலியிடமே இல்லையென்று அறிக்கை போய்விட்டதால், புதிதாக யாரையும் அனுப்பவில்லை.