மாநாடு நடத்தியவர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடக் கலப்படம் இல்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார்.

“அறிவியல் புனைகதை மாநாட்டை நான் நடத்தினேனா? ஒண்ணுமே ஞாபகம் இல்லையே!”

“ஏழு வருஷம் சம்பளமில்லாம நாற்காலி சுமந்தீங்க,” என்றாள் மனைவி. “கால இயந்திரம் பத்தின கூட்டத்துக்கு நோட்டீஸ்ல நாப்பது வருஷம் தள்ளித் தேதி போட்டுட்டீங்க. கூட்டம் நடந்த அன்னைக்கு ஈ காக்காகூட வரல. நோட்டீஸ்ல போட்ட தேதி இன்னைக்குத்தான். அரங்கம் நிறைஞ்சு கிடக்கு.”

“பழைய கதையைக் கேப்பாங்களே! மானம் போயிடும்டி.”

மேடையேறியவர் மைக்கைப் பிடித்தார். “மாநாடு தொடங்குறதுக்கு முந்தின வருஷத்துலேர்ந்து நேரா வர்றேன். நான் இன்னும் எதையும் நடத்தல.”

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்து எனக்குச் சொன்னவர் அவரேதான்.