எந்தப் பெண்ணின் கால்

"கேஸ் போட்டே ஆவணும்!"

"வேணாம்னு சொல்றேன் இல்ல..."

"இன்னா வேணாம்? நம்ம மூத்தவ ஆயுசுக்கும் நொண்டிக்கினே கெடக்கட்டுமா? கல்லுத் தரையில கபடி ஆடவுட்ட கிளப்புக்காரன் ஒருத்தனாவது எட்டிப் பாத்தானா? நஷ்டஈடு வந்தாத்தான அடுத்த ஆபரேஷன்!"

மஞ்சுளா மகளைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். "கயலு, கெளம்புடி. பாண்டி பஸ் வந்துடும். யோவ், ஆஸ்பத்திரிச் சீட்டக் குடுய்யா, வக்கீலு கேக்கறாரு."

கலைவேந்தன் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"பதினாலு வயசுக்கு மேல ஆடக் கூடாதுன்னாங்க. சின்னவ ஆதார் கார்டக் காட்டி இவள எறக்கிவுட்டேன். ஆஸ்பத்திரியிலயும் அதே ஆதாருதான், அவ பேருதான். இப்ப வக்கீலுகிட்ட எந்தப் பொண்ண இட்டுனு போவப்போற, மஞ்சு?"