எழுந்து நிற்காத சம்பந்தி

அன்று எங்கள் வரவேற்பறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி யோகராணி, மகள் கௌசி, அவளைக் கேட்டு வந்த யசிந்தன், அவனுடைய தகப்பன் வீரக்குட்டி, தாய் கோணேஸ்வரி. யோகராணியின் தம்பி ராகுலன் சமையலறை வாசலில் நின்றான்.

வேறு யாரும் இல்லை. ஆகவே கதை எந்த வழியால் வெளியே போனது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர்கள் மட்டக்களப்பு. நாங்கள் யாழ்ப்பாணம். பிள்ளைகள் விரும்பிவிட்டார்கள். ஆனால் தகப்பனுக்கு மரியாதை இல்லாத வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று யசிந்தன் முதலிலேயே சொல்லியிருந்தான். அது எனக்குப் பிடித்திருந்தது.

"அப்பா, அவையள் வந்தவுடனே எழும்பி நிண்டு கும்பிடுங்கோ. அது மட்டும் போதும், ப்ளீஸ்," என்று கௌசி அந்த வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வலது முழங்கால் மூட்டை ஒப்பரேசனில் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்தச் செய்தியை வீட்டுக்கு வெளியே போக நான் விடவில்லை. என் தாயாருக்கும் இதே மூட்டுவாதம்தான். கடைசிக் காலத்தில் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. பரம்பரை வருத்தம் என்று யாராவது ஒரு சொல் சொன்னால் அது மகளின் தலையில் விழும்.

பிடித்து நடக்கும் வோக்கரை அலுமாரிக்குள் வைக்கச் சொன்னேன். கழிவறை இருக்கையின் மேல் பூட்டியிருந்த உயர்த்தியைக் கழற்றி நிலத்துக்குக் கீழேயுள்ள பேஸ்மன்ற்றுக்கு அனுப்பினேன். தலையணை போட்ட உயரக் கதிரையையும் எடுப்பித்தேன். அது நோயாளியின் கதிரை. பெண்ணின் தகப்பன் சோபாவில்தான் இருக்கவேண்டும்.

முழங்காலுக்குப் பயிற்சி தர வரும் பெண், சோபா மாதிரிப் பதிந்த இருக்கை கூடவே கூடாது என்று சொல்லியிருந்தாள்.

"உந்தக் கதிரையிலை இருந்தா உங்கட கிரீடம் கழண்டு விழுந்திடுமோ?" என்றாள் யோகராணி.

அவர்கள் முன்னால் எனக்கு யாரும் கைகொடுக்கக் கூடாது என்று அவளுக்கும் மகளுக்கும் சொல்லிவிட்டு, வேட்டி சால்வையோடு நேரத்துக்கே சோபாவில் அமர்ந்துகொண்டேன்.

401 நெடுஞ்சாலையில் பனி. பிறம்ரனில் இருந்து ஸ்காபரோவில் எங்கள் வோபர்னுக்கு வர அவர்களுக்கு வெகுநேரம் பிடித்தது. கால் வீக்கத்து நீர் போக டொக்டர் தந்த குளிசையைப் போட்டேன். தேநீர் குடித்தேன். இன்னொரு தேநீர் குடித்தேன். ஒருதரம், எழுப்பிவிட யோகராணியைக் கூப்பிடுவோமா என்று நினைத்தேன். அப்போது வாசல் மணி அடித்தது.

வீரக்குட்டி சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். நேரே வந்து, இரண்டு கைகளையும் கூப்பி, என் முன்னால் நின்றார்.

நான் கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தேன். சோபா என்னை விடவில்லை.

பார்த்தவர்களுக்கு நான் அசையவே இல்லை.

"அங்கிள், அப்பாவுக்கு..." என்று கௌசி தொடங்கினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் நிறுத்திக்கொண்டாள்.

வீரக்குட்டியின் கூப்பிய கைகள் மெல்ல இறங்கின. கோணேஸ்வரி கோட்டைக் கழற்றவில்லை. யசிந்தன் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் மறுபடி ஊன்றினேன். இம்முறை என் பலம் முழுவதையும் கொடுத்து.

அதற்குப் பிறகு நான் எழும்ப முயலவில்லை. சால்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

யோகராணி கண்காட்ட, கௌசி தோடம்பழ யூஸ் கொண்டுவந்தாள். கிளாஸ்கள் இருந்த தட்டை முதலில் விருந்தினரிடம் நீட்டினாள். வீரக்குட்டி ஒன்றை எடுத்தார். குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கீழே பார்த்தார்.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த கணம் கிளாஸ் முழுவதும் என் மடியில் கவிழ்ந்தது. வேட்டி, சால்வை, சோபா, எல்லாம் மஞ்சள்.

"அடக் கடவுளே, கை வழுக்கிட்டு. நீங்க எழும்பாதீங்க சம்மந்தி, இரிங்க. நான் பார்க்கிறன்."

அதுவரை அவர் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை.

தன் கழுத்தில் இருந்த கம்பளிச் சால்வையை எடுத்து என் இடுப்பைச் சுற்றி முடிந்தார். கக்கத்தில் கைகொடுத்து ஒரே தூக்கில் என்னை நிறுத்தினார். வெயர்ஹவுசில் பெட்டி தூக்கிப் பழகிய கை. குளியலறைக் கதவுவரை தோளை விடவில்லை. நான் வெளியே வரும்வரை கதவுக்கு முதுகு காட்டி நின்றார், வேறு யாரும் கிட்ட வராதபடி.

கல்யாணம் ஆவணியில்.

நான் எழுந்து நிற்காத கோபத்தில் மட்டக்களப்புச் சம்பந்தி என் மடியில் யூஸை ஊற்றினார் என்று இப்போது ஸ்காபரோவில் ஒரு கதை உலாவுகிறது. ராகுலன் நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். கதையைக் கேட்டவர்களில் சிலர் கடையில் என்னைக் கண்டு, வளையாத ஆள் என்று மெச்சவும் செய்கிறார்கள்.

அது பொய். வீரக்குட்டிக்குக் கோபம் வரவில்லை. அவருடைய கை வழுக்கவும் இல்லை.

கிளாஸ் கவிழ்வதற்கு முன்பே சோபா நனைந்திருந்தது.