சும்மா கிடக்கும் வயல்

நெப்ராஸ்காவில் எங்கள் கிழக்கு வயலை எதுவும் விதைக்காமல் சும்மா போட்டுவைக்க அரசாங்கம் ஆண்டுதோறும் மானியம் தரும். இந்த ஆண்டு நிறுத்திவிட்டார்கள். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் வயல் முழுக்க மக்காச்சோளம் நிற்கிறதாம்.

“முட்டியளவு புல்லுதான் இருக்கு, டார்லின்! வந்து பாரேன்!” என்று மாவட்ட வேளாண் அலுவலகத்தில் மானியக் கணக்கைப் பார்க்கும் பெண்ணிடம் கத்தினேன்.

“வந்து பாத்தேனே வெண்டல். புல்லுதான். ஆனா மேலிடத்துல படத்தத்தான் நம்புவாங்க. மறுபடி எடுக்கச் சொல்றேன், இரு.”

விமானம் வந்த அன்று சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வயலின் நடுவில் போய் நின்றேன். தலைக்கு மேல் இரண்டு வட்டம் அடித்துவிட்டு அது போனது. விட்டது தொல்லை என்று வீடு திரும்பினேன். முகமும் கையும் எரிந்தன. வெயில்தான் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே புதுப் படம் வந்தது. வரிசை வரிசையாக மக்காச்சோளம். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

“சோளக்காட்டுக்குள்ள நின்னுக்கிட்டே சோளம் இல்லங்கறானே, ஆளு குடிச்சிருக்கானான்னு கேக்கறாங்க,” என்றாள் டார்லின்.

ஆத்திரத்தில் மேசையை அறையக் கை ஓங்கினேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கை நெடுக மெல்லிய சிவப்புக் கோடுகள்.

“சோளத்தோகை அறுத்த மாதிரி இருக்கே?”

“புல்லு கீறியிருக்கும்.”

டார்லின் என் முகத்தையே பார்த்தாள்.

“முட்டியளவு புல்லு கன்னத்துல எப்படிக் கீறும், வெண்டல்?”