ஆடாமல் ஒரு படம்

“பாப்பா, மாமா எட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் பொம்மை மாதிரி உட்காரணும். சரியா?”

நாலு வயதுச் சிறுமி தலையாட்டினாள். அவளை மடியில் வைத்திருந்த பெண் அவள் கவுனை நீவிவிட்டாள்.

கணினி வேலையை உதறிவிட்டு, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி ஈரம் காய்வதற்குள் படம் பிடிக்கும் அந்தக் காலத்து முறையைக் கற்றுக்கொண்டவர் அந்தப் புகைப்படக்காரர். மூக்குக்கண்ணாடி போடாத மனிதரைத் தெருவே ‘கண்ணாடிக்காரர்’ என்று கூப்பிட்டது அதனால்தான்.

கேமராவின் மூடியைக் கழற்றி எண்ணத் தொடங்கினார். நாலு வருவதற்குள் சிறுமி நெளிந்து, களுக்கென்று சிரித்துவிட்டாள்.

இருட்டறையில் தகட்டைக் கழுவிவிட்டு வந்தார். “பாப்பா ஆடிட்டாம்மா.”

“கண்ணு, மூக்கெல்லாம் தெரியுதா சார்?”

“அரைகுறையாத் தெரியுது.”

“அப்போ அதை அழிச்சிட்டு இன்னொண்ணு எடுங்க.”

“தலைக்குப் பின்னாடி ஒரு பிடிப்பு வைக்கிறேன். ஆடவே ஆடாது.”

“பிடிப்பெல்லாம் வேண்டாம் சார்.”

இரண்டாவது தகடு. இம்முறை அவர் ‘ஒன்று’ என்றதுமே பார்த்துவிட்டார். அந்தப் பெண் தன் முகத்தை இம்மியும் அசைக்காமல், ஒரு விரலால் சிறுமியின் இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, நான் ஆடாதேங்கறேன், நீங்களே ஆட்டி விடறீங்க. ஒரு தகட்டுக்கு நான் படற பாடு உங்களுக்குத் தெரியுமா?”

“கோவிச்சுக்காதீங்க சார். எடுத்ததைக் காட்டுங்க.”

வேண்டாவெறுப்பாகக் கழுவிக் கொண்டுவந்து நீட்டினார். அவள் முகம் கல்லில் செதுக்கியது போல விழுந்திருந்தது. சிறுமியின் செருப்பு வார், கவுன் பொத்தான், அந்தப் பெண்ணின் கட்டைவிரலை இறுகப் பற்றியிருந்த பிஞ்சுக் கை, எல்லாம் துல்லியம். கழுத்துக்கு மேலே மட்டும் வெறும் புகை.

அவள் வெகுநேரம் பார்த்தாள். “இது போதும் சார்.”

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “என்னம்மா போதும்? பாப்பா முகமே விழலையே.”

“அவ சிரிக்கிறது எனக்குத் தெரியுதே.”

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? போன்ல எடுத்தாலே முகம் பளிச்சுன்னு வருமே.”

“அம்மா, வீட்டுக்குப் போலாம்” என்று சிறுமி முந்தானையை இழுத்தாள்.

“போலாம்டா கண்ணு. வாசல்ல பூனை இருக்கு பாரு.”

சிறுமி ஓடியதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“என் போன்ல அவ படம் ஒண்ணுகூட இல்ல சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி காப்பகத்துலேர்ந்து இவளைக் கொஞ்ச காலத்துக்கு வளர்க்கக் குடுத்தப்பவே, முகம் தெரியற படம் எதுவும் வச்சுக்க மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. நாளைக்குக் காலைல இவளைப் பெத்தவ வந்து கூட்டிட்டுப் போறா.”